நாற்காலியை எண்ணும் வேலை: டெல்டாவில் தேர்தல் செலவுக் கணக்கு எப்படி எழுதப்படுகிறது

தேர்தல் தேதி அறிவித்த மறுநாளிலிருந்து தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் ஆடிட்டர் அலுவலகங்களுக்கு ஒரு தனி வகை போன் வரும். "டாலி தெரிஞ்ச பையன் ஒருத்தன் வேணும் சார், ரெண்டு மாசத்துக்கு." டாலி என்பது கணக்கு எழுதும் மென்பொருள். கேட்பது ரைஸ் மில்லோ ஜவுளிக்கடையோ அல்ல, வேட்பாளர் தரப்பு. வேட்புமனு தாக்கல் செய்யும் நாளில் தொடங்கி, முடிவு வந்து 30 நாள் கழியும் வரை கணக்கு எழுத ஆள் வேண்டும் என்பதால்தான் அந்த இரண்டு மாதம்.

இந்த வேலைக்கு ஆங்கிலத்திலிருந்து வந்த பெயர் கம்ப்ளையன்ஸ். 'இணக்கம்' என்று அரசுக் கோப்புகள் எழுதும். சட்டம் கேட்கிற காகிதத்தை, கேட்கிற வடிவத்தில், கேட்கிற தேதிக்குள் கொடுப்பது என்று புரிந்துகொண்டால் போதும். ஆனால் வாசகர்களுக்கு வேறு கேள்விகள் இருக்கின்றன. தெருத்தெருவாக இவ்வளவு செலவு நடக்கும்போது கணக்கு எப்படி 40 லட்சத்துக்குள் அடங்குகிறது? வயல்காரர் கையில் இருந்த பணத்தைப் பறக்கும் படை ஏன் பிடிக்கிறது? எம்.எல்.ஏ. வைத்திருந்த கட்சியின் பெயரே தேர்தல் ஆணையப் பட்டியலிலிருந்து எப்படிப் போனது? மூன்றுக்கும் பதில் காகிதத்தில் இருக்கிறது: ஊரில் நடப்பது எது, பதிவில் ஏறுவது எது என்பதில்.

மூன்று கணக்கு, மூன்று விதி

1. வேட்பாளர் கணக்கு. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 77ஆம் பிரிவுப்படி, மனு தாக்கல் செய்த நாள் முதல் முடிவு அறிவிக்கும் நாள் வரை, இரண்டு நாளையும் சேர்த்து, செலவு எழுத வேண்டும். 78ஆம் பிரிவுப்படி, முடிவு வந்த 30 நாளுக்குள் மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். உச்சவரம்பு உண்டு. தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் சட்டமன்றத் தொகுதிக்கு 2014இல் 28 லட்சம், 2020இல் 30.8 லட்சம், 2022 ஜனவரியில் 40 லட்சம் என்று அது ஏறி வந்திருக்கிறது. மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம்.

2. கட்சிக் கணக்கு. இதற்கு உச்சவரம்பே கிடையாது. சட்டமன்றத் தேர்தல் முடிந்து 75 நாளுக்குள், மக்களவை என்றால் 90 நாளுக்குள் கணக்குக் கொடுத்தால் சரி.

3. கட்சியின் ஆண்டுக் கணக்கு. தணிக்கை அறிக்கை ஒன்று, 20,000 ரூபாய்க்கு மேல் நன்கொடை தந்தவர்களின் விவரம் ஒன்று. தேர்தல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருடாவருடம் போக வேண்டும்.

முதல் கணக்குக்கு வரம்பு உண்டு, இரண்டாவதுக்கு இல்லை. ஒரு செலவை ஒன்றிலிருந்து இரண்டுக்குத் தள்ள முடியுமா என்பதுதான் இந்தத் தொழிலில் பாதி. மீதிப் பாதி தேதி. மனு தாக்கலுக்கு முந்தைய வாரம் நடந்த ஊர்வலம் வேட்பாளர் கணக்கில் வராது. ஆனால் அப்போது அச்சடித்த ஃபிளெக்ஸ் மனு தாக்கலுக்குப் பிறகும் கம்பத்தில் தொங்கினால் அது வரும். இந்த இரண்டாவது பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வெள்ளை, இளஞ்சிவப்பு, மஞ்சள்

மனு தாக்கல் செய்ததும் வேட்பாளர் கையில் ஒரு பதிவேடு கொடுக்கப்படும். வெள்ளைத் தாள்களில் அன்றாடச் செலவு, இளஞ்சிவப்பில் ரொக்கம், மஞ்சளில் வங்கி. மனு தாக்கலுக்கு ஒரு நாள் முன்னதாகவாவது தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்குத் திறந்திருக்க வேண்டும். கட்சி கொடுப்பது, மச்சான் கொடுப்பது, சொந்தக் காசு எதுவானாலும் அந்தக் கணக்கில் விழுந்துதான் வெளியே போக வேண்டும். ஒரே ஆளுக்கோ கடைக்கோ தேர்தல் காலம் முழுவதற்கும் சேர்த்து 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்கக் கூடாது. 2018க்கு முன் அது 20,000.

காகிதத்தில் இது எளிது. ஊரில் அப்படியில்லை. மைக் செட்காரர் பில் புத்தகம் வைத்திருக்க மாட்டார். சமையல்காரர் சம்பளம், கறி, விறகு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகையாகத்தான் சொல்வார். தப்பாட்டக் குழுவில் எட்டுப் பேர் என்றால் தலைவர் கையில் மொத்தமாகக் கொடுப்பதுதான் வழக்கம், ஆனால் அந்த மொத்தம் 10,000ஐத் தாண்டிவிடும். கணக்குப் பையனின் முதல் பத்து நாள் இவர்களிடமெல்லாம் வங்கிக் கணக்கு எண்ணும் கையெழுத்தும் வாங்குவதிலேயே போய்விடும்.

அச்சகத்துக்கு இன்னொரு நிபந்தனை உண்டு. துண்டறிக்கையிலும் சுவரொட்டியிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்கிறது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பதிவேடு

வேட்பாளர் எழுதுவது ஒன்று. அவருக்குத் தெரியாமல் அல்ல, தெரிந்தே, மாவட்ட நிர்வாகம் எழுதுவது இன்னொன்று. இதை நிழல் பதிவேடு என்பார்கள். ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒன்று உண்டு. இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

ஒரத்தநாடு பக்கம் ஒரு மாலைக் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். மேடை ஏறுவதற்கு முன்பே வீடியோ கண்காணிப்புக் குழு வந்து நிற்கும். கேமராவை ஓடவிட்டு, படம் எடுப்பவர் முதலில் தன் குரலிலேயே கூட்டத்தின் வகை, தேதி, இடம், கட்சி, வேட்பாளர் பெயர் எல்லாம் சொல்ல வேண்டும் என்பது விதி. அப்புறம் நாற்காலி, பந்தல், வாகன எண், மேடையின் நீள அகலம், கட்அவுட். கூட்டத்தில் இருப்பவர்களுக்கு அது ஏதோ முணுமுணுப்புப் போலத்தான் தெரியும். மறுநாள் காலை அந்தப் பதிவை இன்னொரு குழு அலுவலகத்தில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்து ஒவ்வொன்றாக எண்ணும். எண்ணிக்கையை மாவட்ட விலைப்பட்டியலோடு பெருக்கி நிழல் பதிவேட்டில் ஏற்றுவார்கள். டீ, சாப்பாடு, நாற்காலி, சால்வை, ஜெனரேட்டர், கார் வாடகை என்று அந்தப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் விலை உண்டு.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேட்பாளர் தரப்பு பில்லில் 400 நாற்காலி, ஒன்றுக்கு 6 ரூபாய், மொத்தம் 2,400. வீடியோவில் தெரிவது 1,000 நாற்காலி, பட்டியல் விலை 10 ரூபாய், மொத்தம் 10,000. வித்தியாசம் 7,600. ஒரு கூட்டத்தில், ஒரே ஒரு பொருளில். பிரசாரக் காலத்தில் குறைந்தது மூன்று முறை இரண்டு பதிவேட்டையும் ஆணையம் அனுப்பிய செலவினப் பார்வையாளர் முன் பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்ப்பார்கள். வித்தியாசம் இருந்தால் நோட்டீஸ் வரும், 48 மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும். பதிவேட்டையே கொண்டுவராதவருக்கு வாகன அனுமதி போகலாம், வழக்கும் வரலாம்.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்புவோம். இந்த ஏற்பாட்டில் கணக்கு எழுதுபவர் உண்மையில் என்ன செய்கிறார்? நடந்த செலவை எழுதுவதில்லை, கேமராவில் விழுந்த செலவை எழுதுகிறார். அனுபவம் உள்ளவர் மாலைக் கூட்டத்துக்கு முன் தானே போய் நாற்காலியை எண்ணிக் குறித்துக்கொண்டு வருவார். கேமரா எண்ணப்போகும் எண் என்ன என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் நோட்டீஸ் வராது. நாற்காலி போடாமல், பந்தல் போடாமல், ராத்திரி பத்து மணிக்கு மேல் வீட்டுக்கு வீடு போகும் செலவு எந்த வீடியோவிலும் இல்லை, அதனால் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. 40 லட்சத்துக்குள் கணக்கு அடங்குவதன் ரகசியம் இவ்வளவுதான்.

தலைவர் வேனில் வேட்பாளர் ஏறலாமா?

ஏறலாம், ஆனால் பாதிச் செலவு அவர் தலையில் விழும். அங்கீகரிக்கப்பட்ட கட்சி 40 நட்சத்திரப் பேச்சாளர்களின் பட்டியல் தரலாம், மற்ற பதிவு பெற்ற கட்சிகள் 20. அவர்களின் பயணச் செலவு கட்சிக் கணக்கில் போகும். ஆனால் வேட்பாளரோ அவரது முகவரோ அதே வாகனத்தில் ஏறிவிட்டால் பயணச் செலவில் 50 சதவீதம் வேட்பாளருக்கு. மேடையில் வேட்பாளர் நின்றாலோ, அவர் பெயரும் படமும் மேடையில் இருந்தாலோ கூட்டச் செலவும் அவருக்கு வரும். தஞ்சைத் திலகர் திடலில் ஒரு தலைவர் பேசும்போது சுற்றுவட்டாரத் தொகுதி வேட்பாளர்கள் எட்டுப் பேர் மேடையில் வரிசையாக நின்றால், செலவு எட்டாகப் பிரியும்.

கணக்குப் பார்ப்பவர் "ஏறாதீங்க" என்பார். ஆனால் வேன் கூரையைத் திறந்து தலைவர் நிற்கும்போது பக்கத்தில் கைகூப்பி நிற்காத வேட்பாளரை ஊர் மதிக்குமா? அந்தப் பேச்சை யாரும் கேட்பதில்லை. கேட்காததற்கான தொகையை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பதும் வேலையின் ஒரு பகுதி.

ஆரத்தித் தட்டு இதைவிடச் சிக்கல். வரவேற்கும் பெண்களின் தட்டில் பணம் போடுவது நம் ஊர் மரியாதை, தேர்தல் காலத்தில் அதுவே வாக்காளருக்குக் கொடுத்த பணமாகப் பார்க்கப்படும். கணக்கில் எழுதினாலும் தப்பு, எழுதாவிட்டாலும் தப்பு. போடாமல் வருவதுதான் ஒரே வழி.

அறுவடைப் பணமும் பறக்கும் படையும்

சம்பா அறுவடை தை, மாசியில் முடிகிறது. கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் வங்கிக் கணக்கில் ஏறுகிறது. அதை எடுத்துத்தான் அறுவடை இயந்திர வாடகை, கூலி, கடன், கல்யாணம் எல்லாம் நடக்கும். சட்டமன்றத் தேர்தல் வருவது இதற்கு அடுத்து, பங்குனி, சித்திரையில். டெல்டாவில் கையில் ரொக்கம் புழங்கும் காலமும் பறக்கும் படை சாலையில் நிற்கும் காலமும் கிட்டத்தட்ட ஒன்று.

ஆணையத்தின் நடைமுறையில் 50,000 ரூபாய் வரம்பு என்பது வேட்பாளர், முகவர், கட்சிக்காரர் செல்லும் வாகனத்துக்காகச் சொல்லப்பட்டது. சாலையில் அது எல்லோருக்குமான வரம்பாகிவிட்டது. கையில் இருக்க வேண்டியவை மூன்று: வங்கியில் பணம் எடுத்த சீட்டு, பணம் எங்கிருந்து வந்தது என்பதற்கான ரசீது (கொள்முதல் நிலைய ரசீது போன்றது), எதற்குப் போகிறது என்பதற்கு ஏதாவது ஒன்று, கல்யாணப் பத்திரிகையானாலும் சரி.

பிடித்துவிட்டால்? பறிமுதல் ரசீதை வாங்கிக்கொள்ளாமல் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. மாவட்டத்தில் மூன்று அதிகாரிகள் கொண்ட குழு ஒன்று இதற்காகவே இருக்கிறது, மாவட்டக் கருவூல அலுவலரும் அதில் ஒருவர். கட்சியோடும் வேட்பாளரோடும் தொடர்பில்லை என்று தெரிந்தால் விடுவிப்பார்கள். வழக்குப் பதிவாகாத பணத்தை வாக்குப்பதிவு முடிந்து ஏழு நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. 10 லட்சத்துக்கு மேல் என்றால் வருமான வரித்துறைக்குத் தகவல் போகும். அது வேறு கதை.

தஞ்சாவூர் 2016: கணக்குக்கு வராத பணம்

பதிவேட்டில் ஏறாத செலவை ஆணையம் வேறு வழியில் பிடித்த உதாரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. 2016 மே 16இல் தமிழ்நாடு வாக்களித்தபோது தஞ்சாவூரிலும் அரவக்குறிச்சியிலும் வாக்குப்பதிவு நடக்கவில்லை. வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்த புகார்களால் முதலில் தள்ளிவைத்தார்கள், மே மாதக் கடைசியில் அறிவிக்கையையே ரத்து செய்தார்கள். பிறகு நவம்பர் 19இல்தான் தேர்தல். 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த பதினோராவது நாள் அது.

அறிவிக்கை ரத்தானால் மனுவும் ரத்து. நவம்பருக்குப் புது அறிவிக்கை, புது மனு, முதல் பக்கத்திலிருந்து புதுப் பதிவேடு. பணப் பட்டுவாடாவுக்காகத் தேர்தலை நிறுத்தும்போது ஆணையம் கையில் எடுப்பது செலவுக் கணக்குப் பிரிவு அல்ல, அரசியல் சட்டத்தின் 324ஆம் பிரிவு. 2017இல் ஆர்.கே.நகரிலும் 2019இல் வேலூரிலும் இதுவேதான் நடந்தது.

திருவாரூர் இன்னொரு வகை. 2019 ஜனவரி 28இல் இடைத்தேர்தல் என்று அறிவித்து, கஜா புயல் நிவாரணம் முடியாத நிலையில் ஜனவரி 7இல் நிறுத்தினார்கள். தேர்தல் ஏப்ரலில் மக்களவைத் தேர்தலோடு சேர்ந்து நடந்தது.

சட்டத்தில் சிக்குவது யார்?

அதிகம் செலவழித்தவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வரம்பை மீறுவது 123(6) பிரிவின்படி ஊழல் நடவடிக்கைதான். ஆனால் அதை நிரூபிக்க, தேர்தல் முடிவு வந்த 45 நாளுக்குள் யாராவது உயர் நீதிமன்றத்தில் தேர்தல் வழக்குப் போட வேண்டும். வேட்பாளரே ஒப்புக்கொடுத்த கணக்கு வரம்புக்குள் இருக்கும்போது அது லேசில் நிற்காது.

கணக்கே கொடுக்காதவர் கதை வேறு. 10ஏ பிரிவின்படி, தகுந்த காரணமில்லாமல் உரிய நேரத்தில், உரிய முறையில் கணக்குக் கொடுக்காதவரை ஆணையமே மூன்று ஆண்டுக்குத் தகுதியிழக்கச் செய்யலாம். நீதிமன்றம் வேண்டாம், வழக்குப் போட ஆள் வேண்டாம். டெபாசிட் போன சுயேச்சை "நான்தான் தோத்துட்டேனே, எதுக்குக் கணக்கு?" என்று விட்டுவிடுவார். ஆடிட்டர் வைத்திருக்கும் பெரிய வேட்பாளர் 30 நாளுக்குள் கட்டுக்கட்டாகக் கொடுத்துவிடுவார். நோட்டீஸ் போவது முதலாமவருக்கு. சட்டம் இப்படி ஒரு விநோதமான வலை, சின்ன மீன்தான் சிக்கும்.

இதற்கு விதிவிலக்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. உத்தரப் பிரதேசத்தில் பிசௌலி தொகுதி உறுப்பினர் உம்லேஷ் யாதவை, பணம் கொடுத்துப் போடவைத்த செய்தியின் செலவைக் கணக்கில் காட்டாததற்காக 2011 அக்டோபரில் ஆணையம் தகுதி நீக்கம் செய்தது. கணக்குக் கொடுத்தால் மட்டும் போதாது, அது உண்மையா என்றும் ஆணையம் பார்க்கலாம் என்பதை 2014இல் மகாராஷ்டிர முன்னாள் முதல்வர் அசோக் சவான் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

ஊராட்சித் தேர்தலிலும் கணக்குக் கொடுக்க வேண்டும், ஆனால் அது மாநிலத் தேர்தல் ஆணையத்தின் கீழ் வரும் தனி ஏற்பாடு. 2019 ஊரகத் தேர்தலில் கிராம ஊராட்சித் தலைவருக்கு வரம்பு 34,000 ரூபாய், வார்டு உறுப்பினருக்கு 9,000.

பாபநாசத்தில் எம்.எல்.ஏ. இருந்தும் பட்டியலில் கட்சி இல்லை

2025 ஆகஸ்டில் 334, செப்டம்பரில் 474 என்று, பதிவு பெற்ற ஆனால் அங்கீகாரம் இல்லாத கட்சிகளை ஆணையம் பட்டியலிலிருந்து நீக்கியது. செப்டம்பர் பட்டியலில் மனிதநேய மக்கள் கட்சியும் இருந்தது. அதன் தலைவர் ஜவாஹிருல்லா 2021இல் பாபநாசத்தில் வென்றவர். அப்படியிருக்க 'ஆறு ஆண்டாகப் போட்டியிடாத கட்சி' என்று எப்படிச் சொன்னார்கள் என்பதுதான் பலரின் குழப்பம்.

சின்னத்தில் இருக்கிறது விடை. அவர் நின்றது உதயசூரியனில். கூட்டணிக் கட்சியின் சின்னத்தில் நிற்பவர் ஆணையத்தின் கோப்பில் அந்தக் கட்சியின் வேட்பாளர். கொடியும் துண்டும் மேடையும் சொந்தமாக இருந்தாலும், சொந்தக் கட்சி போட்டியிட்டதாகப் பதிவாகாது. ஊர் அறிந்த உண்மையும் கோப்பு அறிந்த உண்மையும் இப்படி விலகி நின்றன. பட்டியலிலிருந்து போனால் பொதுச் சின்னம் கேட்கும் உரிமையும் நன்கொடைக்கான வரிச் சலுகையும் போகும். அதே நேரத்தில், போட்டியிட்டும் மூன்று ஆண்டுத் தணிக்கைக் கணக்குக் கொடுக்காத 359 கட்சிகளுக்கு எதிரான நடவடிக்கையும் தொடங்கியது. மேலே சொன்ன மூன்றாவது கணக்கு அதுதான்.

இந்த வேலைக்கு யார் வருகிறார்கள்?

அமெரிக்காவில் இதற்கென்றே நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே ஒவ்வொரு அரசியல் குழுவுக்கும் பொருளாளர் ஒருவர் இருந்தாக வேண்டும், அந்தப் பதவி காலியாக இருக்கும் நாளில் பணம் வாங்கவும் கூடாது, செலவழிக்கவும் கூடாது. அறிக்கையில் கையெழுத்துப் போடுவதும் அவர்தான். அதனால் இந்த நிறுவனங்களில் யார் சேர்ந்தார், யார் விலகினார் என்பது அங்கே தொழில் செய்தி.

இங்கே கையெழுத்து வேட்பாளருடையது, பிரமாணப் பத்திரமும் அவருடையது. செலவுக்கென்று கூடுதல் முகவர் ஒருவரை வைத்துக்கொள்ளலாம், ஆனால் பொறுப்பு மாறாது. ஆகவே எழுதியவர் பெயர் எங்கும் வராது. டெல்டாவில் இந்த வேலைக்குத் தேடப்படுபவர்கள் மூன்று வகை: பி.காம். முடித்து டாலி தெரிந்த இளைஞர்கள், வக்கீல் குமாஸ்தாக்கள், தாலுகா ஆபீஸில் ஓய்வு பெற்றவர்கள். மூன்றாவது வகைக்குத்தான் மவுசு. எதிர் மேஜையில் உட்கார்ந்து நிழல் பதிவேடு எழுதியவர்கள் ஆயிற்றே.

முப்பது நாள் முடிவதற்குச் சில நாள் முன்னால் இரண்டு பதிவேட்டையும் ஒப்பிட்டுச் சரிசெய்யும் கூட்டம் நடக்கும். வித்தியாசங்களை அங்கே ஒப்புக்கொள்ளலாம், மறுக்கலாம். பிறகு கணக்கைக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குவார்கள். கட்சி ஆபீஸில் அதற்கு யாரும் பட்டாசு வெடிப்பதில்லை. பையன் ஜி.எஸ்.டி. வேலைக்குத் திரும்பிவிடுவான்.

கணக்கு வந்து சேர்ந்த இரண்டு நாளுக்குள், அது எப்போது வந்தது, எங்கே எந்த நேரத்தில் பார்க்கலாம் என்ற அறிவிப்பை மாவட்டத் தேர்தல் அலுவலர் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளின் 88ஆம் விதிப்படி, ஒரு ரூபாய் கட்டி யார் வேண்டுமானாலும் அந்தக் கணக்கைப் பார்க்கலாம். போகிறவர்கள் உங்கள் ஊரில் நடந்த கூட்டத்தின் தேதியைக் குறித்துக்கொண்டு போங்கள். அந்த நாளுக்கு நேரே எத்தனை நாற்காலி எழுதியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.